அரைத் திருகு

முதலில் தப்புச் செய்தது மாகாளி. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாரும் பாதிக் கதையில் என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்கிறார்கள். என் வார்த்தையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் மாகாளி.

இப்படித் தள்ளி உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம், காலடியில் வையுங்கள். உடுமலை தாண்டினால் வெயில் இந்தப் பக்கம்தான் அடிக்கும். ஷட்டரை இறக்கிவிடுகிறேன்.

உங்களை ஏன் கூப்பிட்டு உட்கார வைத்தேன் என்றால், உங்கள் பையில் டார்ச் படம் போட்டிருக்கிறது. ஏறினதும் கண்டக்டரிடம், "பூச்சிமேட்டு வாய்க்கால் ஆபீஸ் வந்தா சொல்லுங்க" என்றீர்கள். அந்த ஆபீஸில் பழுதான டார்ச் ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்க்கத்தானே போகிறீர்கள்? நினைத்தேன்.

அந்த டார்ச்சில் ஒரு பழுதும் இல்லை. அதன் வாலை வலப்பக்கமாக அரைத் திருகு திருகினால் எரியும். நீங்கள் தொழில் தெரிந்தவர், கையில் எடுத்ததுமே திருகிவிடுவீர்கள். எரிந்துவிடும். மாகாளி, "ரிப்பேர் ஆயிருச்சுங்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். இரண்டு வருஷமாக அவனிடமிருந்து எனக்கு ஒன்று வரவேண்டியிருக்கிறது. நீங்கள் திருகினால் அது வராமலே போய்விடும். அதனால்தான் சொல்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு உங்கள் இஷ்டம்.

நான் ஆறுச்சாமி. அந்த ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் லஸ்கர். மதகைத் திறப்பது, அடைப்பது, கரையில் நடப்பது, தண்ணீர் திருடுகிறவனிடம் வசவு வாங்குவது, இவ்வளவுதான் லஸ்கர் வேலை. படிப்பு மூன்றாம் வகுப்பு. அது வாத்தியார் செய்த தப்பு. அவர் செத்துவிட்டார், விட்டுவிட்டேன்.

எங்கள் வாய்க்கால் ஒரு இடத்தில் மலைக்குள் புகுந்து மறுபக்கம் வரும். பூச்சிமேட்டுச் சுரங்கம் என்பார்கள். என் காலால் அளந்தால் ஆயிரத்து நானூறு எட்டு வைக்க வேண்டும். வருஷத்தில் ஒரு முறை, தண்ணீர் விடுகிற அன்று காலையில், மூத்த லஸ்கர் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். இரண்டாவது ஆள் கடப்பாரையோடு பின்னால். சுவரில் விரிசல் இருக்கிறதா, மேலே பாறை தொங்குகிறதா, ஆடு கீடு படுத்திருக்கிறதா, குடித்துவிட்டு எவனாவது தூங்குகிறானா, எல்லாம் பார்க்க வேண்டும். மறுவாயில் வெளியே வந்து விளக்கை மூன்று முறை தூக்கிக் காட்ட வேண்டும். அங்கே நிற்கிற ஆள் போன் போடுவார். அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் மதகு ஏறும். பதினாறு வருஷமாக முன்னால் நடந்தவன் நான். பின்னால் நடந்தவன் மாகாளி. அவனுக்கு என்னைவிட வயது பன்னிரண்டு குறைவு. அண்ணா அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அதில் குறை சொல்ல முடியாது.

முதலில் பெட்ரோமாக்ஸ் இருந்தது. பிறகு நாலு பேட்டரிக் கட்டை போடுகிற டார்ச். அதற்குப் பிறகுதான் பாசன சங்கத்துக்காரர்கள் இந்த டார்ச்சை வாங்கிக் கொடுத்தார்கள். சாண் நீளம்தான் இருக்கும். பொத்தானை அழுத்தினால் எதிர்மலையில் மேய்கிற மாட்டின் கொம்பு தெரியும். உள்ளே ஒரே ஒரு பேட்டரி, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். உங்களுக்குத் தெரியாததா. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் எப்படி வைத்திருந்தேன் என்பதுதான் விஷயம்.

அதோடு ஒரு பேப்பர் வந்தது. இங்கிலீஷ், சீனம் என்று ஏதேதோ பாஷை. எங்கள் பகுதி இன்ஜினியர், ஏ.இ. மேடம் என்போம், டீ ஆறுகிற வரைக்கும் அதை வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். மூன்றாம் தடவை கேட்டபோது, "ஆறுச்சாமி, இது டார்ச்சுதான், பிள்ளை இல்லை" என்றார்கள். மாகாளி பக்கத்தில்தான் இருந்தான். அவன் அதைக் கேட்டானா? பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

இரண்டு தடவையில் எனக்கு எல்லாம் பதிந்துவிட்டது. பேட்டரியைச் சாகவும் விடக்கூடாது, வயிறு முட்ட ஊட்டியும் போட்டுவைக்கக் கூடாது. சும்மா இருக்கிற மாதங்களில் பாதி சார்ஜ்தான். சார்ஜரில் நாலு புள்ளி விளக்கு உண்டு. இரண்டு எரிந்தால் எடுத்துவிடுவேன். சுரங்கத்துக்குப் போகிறதற்கு முந்தின நாள் மட்டும் நாலும் எரிகிற வரைக்கும். ஜீப்பில் வெயில்படப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. இரண்டு முனையையும் பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். வாலில் இருக்கிற ரப்பர் வளையத்துக்கு ஒரு பொட்டு மசகு. முதலில் தேங்காய் எண்ணெய் தடவினேன், வளையம் உப்பிப்போய்விட்டது. அதுவும் மாகாளி சொல்லித்தான் தடவினேன். அப்புறம் மோட்டார் மெக்கானிக்கிடம் சிலிக்கான் கிரீஸ் வாங்கி வந்தேன். பெரிய வெளிச்சத்தை இரண்டு நிமிஷத்துக்கு மேல் விடக்கூடாது, கை சுடும். சுட்டால் அதுவே குறைத்துக்கொள்ளும் என்றார்கள். அது குறைப்பதற்கு முன்னால் நாம் குறைத்துவிட வேண்டும். அதுதான் மரியாதை.

கடைசியாக ஒன்று. அணைத்து வைத்திருந்தாலும் அந்தப் பொத்தான் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்குமாம். அதனால் வாலை அரைத் திருகு தளர்த்தி வைக்க வேண்டும். தொடர்பு அறுந்துவிடும். உறிஞ்சாது, பைக்குள் தானாக எரியவும் எரியாது. வேண்டும்போது அரைத் திருகு முறுக்கிக்கொள்ளலாம். அந்தப் பேப்பரில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை, வைத்தவனுக்கு மட்டும் தெரியும்.

மாகாளிக்கு இதெல்லாம் சிரிப்பு. "அண்ணன் பேட்டரிக்குத் தாலாட்டுப் பாடறாருங்" என்பான். "ஏனுங்ணா, இன்னைக்கு வயித்துக்கு எப்பிடி இருக்குதுங், ரெண்டு புள்ளியா மூணு புள்ளியா?" என்பான். ஆபீஸே சிரிக்கும். நான் பாட்டுக்கு முனையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அந்த பேட்டரி நான்கு வருஷம் ஒரு நாள்கூடக் காலை வாரியதில்லை. யாராவது வந்து, "ஆறுச்சாமி, இதை எப்படி இப்படி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்களா? கேட்டால் அரைத் திருகு வரைக்கும் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

பஸ் நின்றதா? ஒரு அம்மா இறங்குகிறார். கூடை பெரிது, நேரமாகும். நீங்கள் கேளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தண்ணீர் விடுகிற அன்று. வாழைமரம் கட்டியிருந்தார்கள், மைக் செட் போட்டிருந்தார்கள். பத்தரை மணிக்குப் பெரிய மனிதர் ஒருவர் பூப்போட வருகிறார். நாங்கள் ஏழு மணிக்குச் சுரங்கத்து வாயில் நிற்கிறோம். சங்கத்துக்காரர்கள் முப்பது பேர். எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. அதாவது அதுதான் நான் முன்னால் நடக்கப்போகிற கடைசி வருஷம். புதுக் காக்கிச் சட்டை போட்டிருந்தேன். முந்தின நாள் நாலு புள்ளியும் ஏற்றி, துடைத்து, வாலை அரைத் திருகு தளர்த்திக் கையில் வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் மாகாளி வந்தான். தன் போனைச் சங்கத்துப் பையன் ஒருவனிடம் கொடுத்து, "வீடியோ எடு கண்ணு" என்றான். என்னிடம் வந்து, "குடுங்ணா, இந்த வருசம் நான் புடிக்கறேன். உங்களுக்குக் கண்ணு மங்கல்" என்று கையிலிருந்து டார்ச்சை உருவினான். கடப்பாரையை என் கையில் திணித்தான்.

முப்பது பேர் பார்க்கிறார்கள். வீடியோ வேறு.

கண் மங்கல் என்றானே, அது பொய். ஒரு கண்ணில்தான் கொஞ்சம் மறைப்பு. ஆபரேஷன் செய்யச் சொல்லி டாக்டர் சொன்னது போன வருஷம்தான். அதற்கு முந்தின வருஷம் சொன்னது வேறு டாக்டர்.

ஏ.இ. மேடம் ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். மறுவாய்க்குப் போகிற ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சரி என்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன்.

முதல் முந்நூறு எட்டுக்கு வாயில் வழியாக வெளிச்சம் வரும். அதுவரைக்கும் டார்ச் போடக்கூடாது என்பது நான் வைத்த சட்டம், சார்ஜ் வீணாகக் கூடாது என்பதற்காக. நான் சொன்னதில் மாகாளி கடைப்பிடித்தது அது ஒன்றைத்தான். முந்நூறாவது எட்டில் சுரங்கம் வளையும். வளைந்தோம். இருட்டு. பொத்தானை அழுத்தினான். டக். மறுபடி டக். டக், டக்.

"அண்ணா, எரிய மாட்டீங்குது."

"அப்படியா" என்றேன்.

"சார்ஜ் போட்டீங்களா இல்லீங்களா?"

"போட்டேன்."

கவனியுங்கள். சார்ஜ் போட்டீர்களா என்றுதான் கேட்டான். அது கேள்வி இல்லை, பழி. "அண்ணா, இது ஏன் எரியலை?" என்று கேட்டிருக்கலாம். நாலு வார்த்தை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே, "வலப்பக்கம் அரைத் திருகு" என்று சொல்லியிருப்பேன். அது மூன்றே வார்த்தைதான். அவன் கேட்கவில்லை.

உள்ளங்கையில் தட்டினான். குலுக்கினான். பிறகு வாலைத் திருகினான். எந்தப் பக்கம் திருகுகிறான் என்று எனக்குக் காதாலேயே தெரிந்தது. இறுகினால் கிரீஸ் சத்தம் அடங்கிக்கொண்டு வரும். அடங்கவில்லை. இடப்பக்கம் திருகுகிறான். முழுக்கக் கழன்றால் பேட்டரி தண்ணீரில் விழுந்துவிடும் என்று பயந்து அவனாகவே நிறுத்திவிட்டான். அது வரைக்கும் எனக்கு மூச்சே வரவில்லை. கீழே முழங்கால் அளவு கசிவுத் தண்ணீர். பேட்டரிக்கு ஆகாது.

"திரும்பிப் போயிரலாமா?" என்றேன். அதை நானாகத்தான் சொன்னேன், குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை.

"வீடியோ எடுக்கறாங்ணா, திரும்புனா மானம் போயிரும்" என்றான்.

அவன் போனைத்தான் வெளியே கொடுத்துவிட்டானே. என்னிடம் போன் கிடையாது. நடந்தோம். நான் இடக்கையைச் சுவரில் வைத்துக்கொண்டேன். பதினாறு வருஷம் பார்த்த சுவர். எட்டு எண்ணிக்கொண்டே போனேன். எண்ணூற்றிப் பத்தாவது எட்டில், நடுவில், மண் தேங்குவதற்கு ஒரு குழி வெட்டி வைத்திருப்பார்கள். இடப்பக்கம் ஒதுங்கினால் சுற்றிப் போய்விடலாம். நான் ஒதுங்கினேன். முன்னால் தொபுக்கென்று சத்தம்.

குழி எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விளக்கை வாங்கிக்கொண்டவன் வழியையும் வாங்கிக்கொண்டிருப்பான் என்றுதான் நினைத்தேன். கடப்பாரையை நீட்டிப் பிடிக்கச் சொல்லி இழுத்துவிட்டேன். முன்பல் ஒன்று பாதி போய்விட்டது, கால் பிசகிவிட்டது. டார்ச்சைப் போடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். நெஞ்சோடு பிடித்திருந்தான். இழுத்துவிட்டதற்கு ஒரு நன்றி? அம்மா அம்மா என்றான், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதாவது நான்தான் முன்னால் நடந்தேன். ஆனால் அது வீடியோவில் இல்லை.

ஆயிரத்து ஐம்பதாவது எட்டில் என் கை சுவருக்குள் போனது. விரிசல். மணிக்கட்டு வரைக்கும் போகிறது. அதற்கு முந்தின வருஷம் அங்கே ஒன்றும் இல்லை. ஓகோ என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தோம். மேடம் ஓடி வந்தார்கள். நேராக மாகாளியிடம் போனார்கள், என்ன ஆயிற்று என்று. வாயில் ரத்தத்தோடு அவன் சொன்னான்: "பேட்டரி செத்துப்போச்சுங் மேடம். அண்ணன் சார்ஜ் போடாம விட்டுட்டாருங். வயசாயிருச்சு, அவரச் சொல்லி என்னங் பண்றது."

சொல்லி என்ன பண்றது. மேடம் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். கேட்பார்கள் என்று நின்றேன். கேட்கவில்லை. "ஆறுச்சாமி, உங்களை நம்பி இருந்தேனே" என்றார்கள். அது கேள்வியா, சொல்லுங்கள்.

தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். வந்த பெரிய மனிதர் பூவைக் காய்ந்த வாய்க்காலிலேயே போட்டுவிட்டுப் போனார். மறுநாள் ஜெனரேட்டர் வைத்து, லைட் இழுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஆயிரத்து ஐம்பதாவது எட்டில் விரிசலைக் கண்டுபிடித்தார்கள். பூச ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் சங்கத்துக்காரர்கள் என் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "ஒரு டார்ச்சுக்கு சார்ஜ் போட வக்கில்லாத ஆளு" என்று என் காதில் விழுகிற மாதிரியே பேசிக்கொண்டு போனார்கள்.

விரிசலையும் ஏன் சொல்லவில்லை என்று பார்க்கிறீர்கள். அன்றைக்கு மேடம் தண்ணீரை விடச் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேன். கட்டாயம் சொல்லியிருப்பேன். உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்.

என் வீட்டுக்காரி தங்கம்மாள் கேட்டாள், "ரெண்டு பேரும் அந்தப் பொந்துக்குள்ளயே செத்துப் போயிருந்தீங்கன்னா?" என்று. போயிருந்தால் மாகாளி யாரிடம் கேட்பான், அதனால் போகமாட்டோம் என்றேன். அவள் அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை. அவளும் மாகாளி கட்சி.

மிச்சம் எட்டு மாதமும் என்னைச் சுரங்கத்துப் பக்கம் விடவில்லை. மதகுக்குக் கிரீஸ் போடுகிற வேலை. ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள். போட்டவன் மாகாளி. பாதிப் பல்லோடு சிரித்தான். "ஏதாச்சும் மனசுல இருந்தாச் சொல்லீருங்ணா" என்றான். இருந்தது. சொல்லவில்லை. அவன்தானே கேட்க வேண்டும்? அதுவும் சரியான கேள்வியாகக் கேட்க வேண்டும்.

டார்ச்சைப் "பழுது" என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள். இரும்பு அலமாரி, மேலே தகரக் கூரை. அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது. நாலு புள்ளியும் ஏற்றின பேட்டரி அது. இரண்டு புள்ளியாக இருந்தால் கவலை இல்லை. வயிறு முட்ட, அந்தச் சூட்டில், இரண்டு வெயில் காலம். பாவம், அது என்ன செய்தது. ஆனால் வால் தளர்ந்துதான் இருக்கிறது, உறிஞ்சியிருக்காது. என் கணக்கில் இன்னும் உயிர் இருக்கும். போன வருஷம் மாகாளி செல்போன் வெளிச்சத்தில் சுரங்கத்துக்குள் போனானாம். இந்த வருஷம் பயந்துபோய், ரிப்பேர்க்காரரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். நாளை மறுநாள் தண்ணீர் விடுகிறார்கள். அதனால்தான் நீங்கள்.

என் வீட்டுக்கும் அந்த ஆபீஸுக்கும் எட்டே கிலோமீட்டர். கூப்பிட வேண்டியது ரிப்பேர்க்காரரையா?

நான் உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. டார்ச்சைக் கையில் வாங்குங்கள். நாலு பக்கமும் பாருங்கள். திருகாதீர்கள். "இது எனக்குப் புரியவில்லை, இதை வைத்திருந்த ஆளைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அவன் வருவான். என் வாசலில் நிற்பான். "அண்ணா, இது ஏன் எரியலை?" என்பான். அது போதும். நான் கைநீட்டி வாங்கி, அவன் கண் முன்னால், அரைத் திருகு. அவ்வளவுதான். பிறகு அவனே முன்னால் நடக்கட்டும், குழி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நீங்களே இப்போது கேட்கிறீர்களா? ஏன் எரியவில்லை என்று? நல்ல மனசு. ஆனால் நீங்கள் கேட்டால் கணக்கில் சேராது. அவன் கேட்க வேண்டும்.

எதைத் தேடுகிறீர்கள்? வெளியே பார்க்க வேண்டுமா? இருங்கள், ஷட்டரை ஏற்றுகிறேன். அது செங்கல் சூளை. அதற்கப்புறம் எங்கள் ஊர், பஸ் அதோடு நின்றுவிடும்.

பூச்சிமேடா? அது போய் அரைமணி நேரம் ஆகிறது. கூடைக்கார அம்மா இறங்கினாரே, அதுதான்.

கண்டக்டரை ஏசாதீர்கள், நூறு பேர் ஏறி இறங்குகிற வண்டி, மறந்திருப்பார். ஆனால் நீங்கள் அவரைத்தான் கேட்டீர்கள். பக்கத்திலேயே முப்பத்தொரு வருஷம் அந்த ஆபீஸில் இருந்தவன் உட்கார்ந்திருக்கிறேன், என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கையைப் பிடித்து இறக்கிவிட்டிருப்பேன்.

திரும்புகிற வண்டி ஐந்து மணிக்கு. நீங்கள் போய்ச் சேரும்போது ஆபீஸ் பூட்டியிருக்கும். வீட்டுக்கு வாருங்கள், தங்கம்மாள் காபி போடுவாள். என்னிடம்தான் அவள் பேசுவதில்லை, வந்தவர்களிடம் நன்றாகப் பேசுவாள்.

பார்த்து இறங்குங்கள், கடைசிப் படி உடைந்திருக்கிறது. இதை நீங்கள் கேட்காமலேயே சொல்கிறேன். உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மாகாளிதான் இன்னும் கேட்கவில்லை.